கியூபா மீதான அமெரிக்க வணிகத் தடை: 60 வருஷம் தாண்டியும் ஏன் விலகவில்லை?

#1 வெண்ணிலா_ப

ஐ.நா. பொதுச்சபையில் 1992 முதல் ஏறக்குறைய வருஷாவருஷம் ஒரே தீர்மானம் வருகிறது: கியூபா மீதான பொருளாதாரத் தடையை அமெரிக்கா விலக்க வேண்டும். முதல் தடவை 59 நாடுகள்தான் ஆதரித்தன, 71 நாடுகள் ஒதுங்கி நின்றன. 2024ல் ஆதரவு 187. எதிர்த்தவை அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டும். அப்படியும் ஒன்றும் நடக்கவில்லை.

வியட்நாமோடு அமெரிக்கா நேரடியாகப் போர் செய்தது. அந்தத் தடையை 1994லேயே எடுத்துவிட்டார்கள். சீனாவோடு வணிகம் எவ்வளவு என்று சொல்லவே வேண்டாம். ஃபுளோரிடா முனையிலிருந்து 90 மைலில் இருக்கும் ஒரு தீவுக்கு மட்டும் ஏன் இந்த நிலை? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கினால் நன்றாக இருக்கும். வரலாறுதான் வேண்டும், கோஷம் வேண்டாம்.

#2 தோழர் மாறன்

காரணத்தை அமெரிக்காவே எழுதி வைத்திருக்கிறது. 1960 ஏப்ரலில் வெளியுறவுத் துறை அதிகாரி லெஸ்டர் மலோரி தன் துறைக்குள் மட்டும் சுற்றும் குறிப்பு ஒன்று எழுதினார். பிற்பாடு ரகசியப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது, யாரும் படிக்கலாம். கியூப மக்களில் பெரும்பான்மை காஸ்ட்ரோவை ஆதரிக்கிறார்கள், உள்ளேயிருந்து வலுவான எதிர்ப்பு இல்லை, ஆகவே பணமும் பொருளும் போகாமல் செய்து பசியையும் விரக்தியையும் உண்டாக்கினால்தான் அரசு விழும் என்பது அதன் சாரம். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

#3 சந்தைக்காரன்

விட்டுப்போன பாதியை நான் சொல்கிறேன். 1959 புரட்சிக்குப் பிறகு கியூப அரசு அமெரிக்கக் கம்பெனிகள், தனிநபர்கள் என்று எல்லோருடைய சொத்தையும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் இழப்பீட்டு ஆணையம் விசாரித்துச் சான்றளித்த கோரிக்கைகள் மட்டும் 5,913. அசல் தொகை சுமார் 190 கோடி டாலர். வட்டி தனி. பணம் தராதவனோடு வியாபாரம் செய்ய மாட்டேன் என்று சொல்வதற்கு ஏகாதிபத்தியம் என்று பெயர் வைத்தால் எப்படி?

#4 கணக்கர்

தேதி வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் இது புரியும். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புரட்சிக்கு முன் கியூபாவின் ஏற்றுமதியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போனது. இறக்குமதியிலும் பெரும்பகுதி அங்கிருந்தே. விற்கிற பொருள் சர்க்கரை. எவ்வளவு வாங்குவது என்ற கோட்டாவை அமெரிக்கச் சட்டம் நிர்ணயிக்கும். ஆக, ஒரே பொருள், ஒரே வாடிக்கையாளர். பின்னால் நடந்ததெல்லாம் இந்த ஏற்பாட்டுக்குள்ளிருந்து வந்ததுதான்.

1958 மார்ச்சில் வந்த முதல் தடை காஸ்ட்ரோவுக்கு எதிரானதே இல்லை. புரட்சிக்கு முன் ஆண்ட பாடிஸ்டா அரசுக்கு ஆயுதம் விற்பதை நிறுத்தினார்கள்.

1959 மே மாதம் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. சந்தைக்காரன் சொல்வதுபோல் இழப்பீடே இல்லை என்று இந்தச் சட்டத்தில் எழுதவில்லை. 20 வருஷக் கடன்பத்திரம், 4.5 சதவீதம் வரை வட்டி என்றார்கள். மதிப்பு மட்டும் வரிக் கணக்கில் உள்ளபடி. வரியைக் குறைக்க முதலாளிகள் தாங்களே குறைத்துக் காட்டிய மதிப்பு அது! உடனே, முழுசாக, டாலரில் கொடு என்றது வாஷிங்டன். அந்தப் பத்திரங்கள் கடைசியில் அமெரிக்கர் கைக்குப் போய்ச் சேரவில்லை என்பது உண்மைதான்.

1960 பிப்ரவரியில் சோவியத் துணைப் பிரதமர் மிகோயான் ஹவானாவுக்கு வந்தார். சர்க்கரை வாங்குகிறோம், கச்சா எண்ணெய் தருகிறோம், 10 கோடி டாலர் கடனும் தருகிறோம் என்று ஒப்பந்தம். அந்த எண்ணெயைச் சுத்திகரிக்க டெக்சாகோ, எஸ்ஸோ, ஷெல் மூன்றும் மறுத்தன. ஆலைகளை அரசு எடுத்துக்கொண்டது. ஜூலை 6ஆம் தேதி ஐசனோவர் அந்த வருஷத்தின் மீதிச் சர்க்கரைக் கோட்டாவில் 7 லட்சம் டன்னை வெட்டினார். ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் சர்க்கரை ஆலை, மின்சாரம், தொலைபேசி, வங்கி எல்லாம் போயிற்று. அக்டோபர் 19: உணவும் மருந்தும் தவிர எந்த ஏற்றுமதியும் கூடாது.

நான்கே மாதம். ஒவ்வொரு அடியும் முந்தைய அடிக்குப் பதிலடி. யார் முதலில் அடித்தது என்று கேட்டால் நீங்கள் எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

1961 ஜனவரியில் தூதரக உறவு முறிந்தது. ஏப்ரலில் அமெரிக்கா ஏவிய நாடுகடந்த கியூபர்களின் படையெடுப்பு பிக்ஸ் வளைகுடாவில் தோற்றது. 1962 பிப்ரவரி 3ஆம் தேதி கென்னடி 3447ஆம் எண் பிரகடனத்தில் கையெழுத்திட்டார், இறக்குமதியும் நின்றது. 1963 ஜூலையில் கருவூலத் துறை விரிவான விதிகளைக் கொண்டுவந்தது. அதற்கு அடிப்படை 1917ஆம் வருஷத்துப் பகைநாட்டு வணிகச் சட்டம், முதல் உலகப்போர் காலத்துச் சரக்கு. அந்த அதிகாரத்தை இன்றும் ஒவ்வொரு செப்டம்பரிலும் அதிபர் கையெழுத்திட்டுப் புதுப்பிக்கிறார். ஒபாமாவும் புதுப்பித்தார்.

#5 ராப்பறவை

கையெழுத்துப் போடுவதற்கு முதல் நாள் சாயங்காலம் கென்னடி தன் பத்திரிகைச் செயலர் பியர் சாலிஞ்சரைக் கூப்பிட்டு, ஆயிரம் கியூபச் சுருட்டு உடனே வேண்டும் என்றாராம். காலையில் சாலிஞ்சர் 1,200 சுருட்டோடு வந்து நின்றார். அப்புறம்தான் பேனாவைத் திறந்தார் அதிபர். சாலிஞ்சரே சொன்ன கதை இது.

#6 வெண்ணிலா_ப

@கணக்கர் மிக்க நன்றி. ஆனால் இதெல்லாம் பனிப்போர்க் கதை. 1991ல் சோவியத் கலைந்ததோடு தடையும் போயிருக்க வேண்டுமே?

#7 உப்புக்காற்று

நேர்மாறாகத்தான் நடந்தது, தங்கச்சி. 1992ல் இன்னும் இறுக்கினார்கள். வணிகக் கப்பலில் வேலை பார்த்தவன் என்பதால் அந்தச் சட்டம் எனக்கு நன்றாகத் தெரியும். டொரிசெல்லி என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்தது, சீனியர் புஷ் கையெழுத்திட்டார்.

அதில் ஒரு விதி: கியூபத் துறைமுகத்துக்கு வணிகத்துக்காகப் போன கப்பல், அங்கிருந்து கிளம்பிய நாளிலிருந்து 180 நாளைக்கு அமெரிக்க உரிமம் இல்லாமல் அமெரிக்கத் துறைமுகம் எதிலும் சரக்கு ஏற்றவோ இறக்கவோ முடியாது. கப்பல் எந்தக் கொடியில் ஓடினாலும் சரி, சரக்கு எந்த நாட்டுடையதானாலும் சரி. கரைக்காரர்களுக்கு இது சின்ன விதி மாதிரித் தெரியும். முதலாளி கோணத்தில் பாருங்கள். உரிமம் இல்லாமல் ஒரு தடவை ஹவானாவுக்குச் சரக்கு கொண்டுபோய் இறக்கினால் அரை வருஷம் உலகத்திலேயே பெரிய சந்தை உனக்குக் கிடையாது. அந்த நஷ்டத்தையும் சேர்த்துத்தான் வாடகை கேட்பான். இல்லாவிட்டால் போகவே மாட்டான். அதனால்தான் கப்பலை வாடகைக்கு விடும் ஒப்பந்தத்தில், போகக்கூடாத நாடுகளின் பட்டியலில் கியூபா பெயரை அச்சடித்தே வைத்திருப்பார்கள். யாரும் அதைப் படித்துக்கூடப் பார்ப்பதில்லை.

மரியேல் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹவானாவுக்கு மேற்கே இருக்கிறது. பிரேசில் கடன் கொடுத்து, பிரேசில் கம்பெனியே கட்டி, சிங்கப்பூர் கம்பெனி நடத்தும் கன்டெய்னர் முனையம். 2014 ஜனவரியில் திறந்தார்கள். பனாமாக் கால்வாயை அகலப்படுத்துகிறார்கள், பெரிய கப்பல் வரும், இங்கே கன்டெய்னரை இறக்கிச் சின்னக் கப்பலில் மாற்றி அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு அனுப்பலாம் என்பது கணக்கு. இடமும் ஆழமும் அருமை. 2016ல் கால்வாயும் திறந்தது. இந்த 180 நாள் விதி இருக்கும்வரை எந்தக் கப்பல்காரன் அங்கே மாற்றுச் சரக்கு இறக்குவான்? ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்குப் போய்விடுவான்.

#8 தோழர் மாறன்

அண்ணாச்சி சொன்ன சட்டத்தில் இன்னொரு பகுதியும் இருக்கிறது. அமெரிக்கக் கம்பெனிகளின் வெளிநாட்டுக் கிளைகள் கியூபாவோடு வியாபாரம் செய்ய 1975 முதல் அனுமதி இருந்தது. 1991ல் அந்த வியாபாரம் சுமார் 70 கோடி டாலர், பெரும்பகுதி உணவு. அதையும் மூடினார்கள். எந்த நேரத்தில்? சோவியத் எண்ணெய் நின்று, நாட்டின் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்க்கொண்டிருந்தபோது. பஸ் ஓடவில்லை. சீனாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேல் சைக்கிள் வாங்கினார்கள். 1992-93ல் வைட்டமின் குறைவோடு தொடர்புடைய நரம்பு நோய் 50,000 பேருக்கு மேல் தாக்கியது, பலருக்குப் பார்வை மங்கியது.

அப்போது மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் ஹர்கிஷன் சிங் சுர்ஜித் முன்னின்று இந்தியாவில் திரட்டிய 10,000 டன் கோதுமை கப்பலேறிப் போனது. பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

#9 சந்தைக்காரன்

சோவியத் போனதும் விழுந்தது என்றால் அதுவரை சோவியத் காசில் நின்றது என்றுதானே பொருள்? முப்பது வருஷம் சந்தை விலைக்கு மேல் சர்க்கரைக்குப் பணம், மலிவாக எண்ணெய். 2014ல் ரஷ்யா 3,200 கோடி டாலர் பழைய கடனில் 90 சதவீதத்தைத் தள்ளுபடி செய்தது. தடையால் இழந்ததைக் கணக்குப் போடுகிறவர்கள் இதையும் எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டும்.

அமெரிக்கா எதுவுமே விற்பதில்லை என்பதும் பொய். 2000ல் வந்த சட்டப்படி உணவு விற்கலாம். 2001 நவம்பரில் மிஷேல் புயல் அடித்தபின் கியூபா வாங்கத் தொடங்கியது. 2008ல் மட்டும் சுமார் 71 கோடி டாலருக்கு வாங்கியது. ஹவானாவில் சமைக்கிற கோழி பெரும்பாலும் அமெரிக்கக் கோழிதான்.

அப்புறம் சர்க்கரை. 1970ல் ஒரு கோடி டன் என்று இலக்கு வைத்து நாட்டையே வயலில் இறக்கினார்கள், 85 லட்சம் வந்தது. 2002ல் பாதி ஆலைகளை அரசே மூடியது. இப்போது 5 லட்சம் டன்னுக்கே திண்டாட்டம், சர்க்கரையை இறக்குமதி செய்கிறார்கள். மராபு என்ற முள்புதர் நல்ல நிலத்தை எல்லாம் மூடிக் கிடக்கிறது. விளைந்ததை அரசுக் கொள்முதல் நிறுவனம் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறான் விவசாயி. ஹவானாவில் 40 மாடிக்கு மேல் ஹோட்டல் கட்ட மட்டும் ராணுவக் கம்பெனிக்குப் பணம் இருக்கிறது. முள்ளை வெட்ட வேண்டாம் என்று எந்த அமெரிக்க அதிபர் தடுத்தார்?

#10 தோழர் மாறன்

கோழி விற்கிறார்கள், சரி. எப்படி? சரக்கு கைமாறுவதற்குள் முழுப் பணமும் ரொக்கமாகக் கட்ட வேண்டும், கடன் கிடையாது. உலகத்தில் எந்த ஏழை நாடு ரொக்கத்தில் உணவு வாங்கிப் பிழைக்கும்? இந்தப் பக்கம் கியூபா தன் பொருளை அமெரிக்காவில் விற்கவும் கூடாது. விற்காமல் டாலர் எங்கிருந்து வரும்?

#11 சந்தைக்காரன்

உலகத்தில் இன்னும் 190 நாடு இருக்கிறது, அங்கே விற்கலாமே. விற்க என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

#12 உப்புக்காற்று

நிக்கல் இருக்கிறது, தம்பி. மோவா பக்கம் கனடாக்காரர்கள் கூட்டாக எடுக்கிறார்கள். ஆனால் கியூப நிக்கல் கலந்த எஃகு அமெரிக்காவுக்குள் நுழையக் கூடாது. மூன்றாம் நாட்டில் உருக்கிச் செய்த பொருளானாலும் அதே சட்டம். அதனால் அமெரிக்காவுக்கு விற்கிற எஃகு ஆலைகள் கியூப நிக்கல் இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்காது. திரும்பி வரும் வழியும் இதே மாதிரிதான்: எந்த நாட்டு இயந்திரமானாலும் அதன் மதிப்பில் 10 சதவீதத்துக்கு மேல் அமெரிக்கப் பாகம் இருந்தால் கியூபாவுக்கு அனுப்ப அமெரிக்க உரிமம் வேண்டும். மருத்துவமனைக் கருவியில் 10 சதவீதத்துக்குக் கீழே அமெரிக்கப் பாகம் உள்ளதைத் தேடிப் பாருங்கள். நீங்கள் சொன்ன 190 நாட்டில் எத்தனை மிஞ்சும் என்று தெரியும்.

#13 நெறியாளர்

கேள்வி "ஏன் விலகவில்லை" என்பது. கியூப அரசு நல்லதா கெட்டதா என்பதற்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள்.

#14 வெண்ணிலா_ப

நன்றி நெறியாளரே. கேள்விக்கே வருகிறேன். கென்னடி ஒரு கையெழுத்தில் போட்டதை இன்னொரு அதிபர் ஒரு கையெழுத்தில் எடுக்க முடியாதா? ஒபாமா ஏன் எடுக்கவில்லை?

#15 கணக்கர்

முக்கியமான கேள்வியைப் பிடித்துவிட்டீர்கள். 1996 வரை எடுத்திருக்கலாம். அதற்குப் பிறகு முடியாது.

1977ல் கார்ட்டர் கொஞ்சம் தளர்த்தினார். அமெரிக்கர்கள் போய்வரலாம் என்றார், இரு தலைநகரிலும் தூதரகத்துக்குப் பதிலாகத் தொடர்பு அலுவலகங்கள் திறந்தன. காங்கிரஸை, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தை, கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. 1982ல் ரீகன் பயணத்தை மறுபடி மூடினார், பயங்கரவாத ஆதரவு நாடுகள் பட்டியலில் கியூபாவைச் சேர்த்தார். அவரும் யாரையும் கேட்கவில்லை. வருகிற அதிபரின் மனசைப் பொறுத்து ஏறி இறங்கும் விஷயமாக இருந்தது.

1996 பிப்ரவரி 24ஆம் தேதி, மயாமியிலிருந்து இயங்கிய கியூப நாடுகடந்தோர் அமைப்பு ஒன்றின் இரண்டு சிறு விமானங்களைக் கியூபப் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. நான்கு பேர் இறந்தார்கள். அதுவரை காங்கிரஸில் முடங்கிக் கிடந்த ஹெல்ம்ஸ்-பர்ட்டன் மசோதாவை கிளின்டன் விரும்பவில்லை. ஆனால் அது தேர்தல் வருஷம், நாடுகடந்த கியூபர்கள் நிறைய வாழும் ஃபுளோரிடாவின் வாக்கு வேண்டும். மார்ச் 12ஆம் தேதி கையெழுத்திட்டார். அதிபர்களின் ஆணைகளாக, விதிகளாக இருந்த தடை முழுவதையும் அந்தச் சட்டம் அப்படியே சட்டமாக்கிவிட்டது. இனி காங்கிரஸ்தான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் சட்டத்தில் எழுதிய நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்: அரசியல் கைதிகள் விடுதலை, தேர்தலுக்கு உறுதி, சொத்து விவகாரத்தில் நடவடிக்கை. புதிய அரசில் ஃபிடல் காஸ்ட்ரோவோ அவர் தம்பி ராவுலோ இருக்கக் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். இன்னொரு நாட்டைப் பற்றிய சட்டத்தில் தனி மனிதர் பெயரை எழுதி வைப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆகவே ஒபாமா செய்ததெல்லாம் விதிவிலக்கு. 2014 டிசம்பர் 17ஆம் தேதி ராவுலும் அவரும் ஒரே நேரத்தில் அறிவித்தார்கள். 2015ல் பயங்கரவாதப் பட்டியலிலிருந்து பெயர் போனது, தூதரகங்கள் திறந்தன. 2016ல் விமானம், உல்லாசக் கப்பல் எல்லாம் ஓடின. அந்த வருஷ ஐ.நா. வாக்கெடுப்பில் அமெரிக்கா தன் தடைக்கு எதிரான தீர்மானத்தில் தானே ஒதுங்கி நின்றது: 191-0. இவ்வளவு நடந்தும் தடைச் சட்டத்தில் ஒரு வரி மாறவில்லை. அதனால்தான் அடுத்தவர் வந்து எளிதாகத் திருப்ப முடிந்தது. 2019ல் உல்லாசக் கப்பலை நிறுத்தினார் டிரம்ப், 2021 ஜனவரியில் மறுபடி பட்டியலில் சேர்த்தார். பைடன் நான்கு வருஷம் சும்மா இருந்துவிட்டு 2025 ஜனவரி 14ஆம் தேதி எடுத்தார். 20ஆம் தேதி டிரம்ப் பதவியேற்ற அன்றே ரத்து செய்தார்.

என் கருத்து இதுதான்: தடை நிற்பதற்கு இன்று ஒற்றைக் காரணம் எதுவும் இல்லை. சொத்துக்காகத் தொடங்கியது, சோவியத்துக்காக வளர்ந்தது, ஃபுளோரிடாவுக்காகச் சட்டமானது. முதல் இரண்டு காரணம் ஆறிப்போனாலும் மூன்றாவது மேலே உட்கார்ந்திருக்கிறது.

#16 சந்தைக்காரன்

சொத்துக் காரணம் ஆறிப்போனது என்று யார் சொன்னது? 5,913 பேருக்கும் பணம் வரவில்லை.

#17 கணக்கர்

வரவில்லைதான். ஆனால் கனடா, பிரான்ஸ், பிரிட்டன், ஸ்பெயின், சுவிட்சர்லாந்து எல்லாம் தங்கள் குடிமக்களின் கோரிக்கைக்கு மொத்தமாக ஒரு தொகை பேசி முடித்துக்கொண்டன. கேட்டதைவிடக் குறைவுதான், ஆனால் கிடைத்தது. தடை போடாத நாடுகளுக்குக் கிடைத்தது, போட்ட நாட்டுக்கு ஒரு சென்ட் கிடைக்கவில்லை. பணம்தான் நோக்கம் என்றால் வழி தவறு.

#18 ராப்பறவை

ஹெல்ம்ஸ்-பர்ட்டன் வந்ததும் கனடாவில் ஒரு கூத்து நடந்தது. 1997ல் அங்கிருந்த வால்மார்ட் கடைகளில் கியூபாவில் தைத்த பைஜாமா விற்றுக்கொண்டிருந்தார்கள். விற்றால் அமெரிக்கச் சட்டப்படி குற்றம். விற்காமல் எடுத்தால், அந்நியச் சட்டத்துக்குப் பணிந்தாய் என்று கனடாச் சட்டப்படி குற்றம். முதலில் எடுத்தார்கள், கனடா அரசு முறைத்ததும் திரும்ப அடுக்கினார்கள். இரண்டு அரசுகளும் ஒரு பைஜாமாவுக்காக மல்லுக்கட்டியதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

#19 தோழர் மாறன்

பைஜாமாவுக்குச் சிரிக்கலாம். வங்கி விஷயத்தில் முடியாது. சூடான், ஈரான், கியூபா பரிவர்த்தனைகளுக்காக 2014ல் பிஎன்பி பரிபா என்ற பிரெஞ்சு வங்கிக்கு அமெரிக்கா போட்ட தண்டம் சுமார் 890 கோடி டாலர். அதற்கப்புறம் எந்த வங்கியாவது கியூபா என்ற பெயரைப் பார்த்தால் பணத்தை நகர்த்துமா? ஐரோப்பிய யூனியன் 1996லேயே எதிர்ச்சட்டம் போட்டது. வங்கிகள் பயப்படுவது அபராதம் போடுகிறவனுக்குத்தான்.

#20 வெண்ணிலா_ப

இன்னொன்று கவனித்தேன். 2025 வாக்கெடுப்பில் ஆதரவு 165ஆகக் குறைந்திருக்கிறது, எதிர்ப்பு 7, ஒதுங்கியவை 12. இத்தனை வருஷம் இல்லாத சரிவு.

#21 கணக்கர்

உக்ரைன் போரில் ரஷ்யப் பக்கம் கியூபர்கள் சண்டையிடுகிறார்கள் என்று சொல்லி அமெரிக்கா பல நாடுகளிடம் ஆதரவு திரட்டியது. கிழக்கு ஐரோப்பாவில் அது எடுபட்டது. தீர்மானத்துக்கு யாரையும் கட்டுப்படுத்தும் சக்தி இல்லாததால் நடைமுறையில் 187க்கும் 165க்கும் வித்தியாசம் இல்லை.

#22 உப்புக்காற்று

சொத்துக்கு வருவோம், அதில் எனக்குத் தெரிந்த ஒரு வழக்கு இருக்கிறது. ஹெல்ம்ஸ்-பர்ட்டனின் மூன்றாம் பிரிவு: பறிக்கப்பட்ட சொத்தைப் பயன்படுத்தி வியாபாரம் செய்கிறவர்கள் மீது பழைய உரிமையாளர் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். கிளின்டன் முதல் எல்லா அதிபரும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதை நிறுத்தியே வைத்தார்கள். 2019 மே மாதம் டிரம்ப் திறந்துவிட்டார்.

ஹவானா துறைமுகத்தில் பயணிகள் கப்பல்கள் வந்து நிற்கும் துறைகளை நடத்தும் உரிமை ஒரு அமெரிக்கக் கம்பெனியிடம் இருந்தது, 1960ல் பறிபோனது. ஒபாமா காலத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு அங்கே போன நான்கு உல்லாசக் கப்பல் நிறுவனங்கள் மீது அந்தக் கம்பெனி வழக்குப் போட்டது. 2022 டிசம்பரில் மயாமி நீதிமன்றம் ஆளுக்குச் சுமார் 11 கோடி டாலர் கட்டச் சொன்னது. 2024ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. காரணம் வேடிக்கை: அந்த உரிமை நிரந்தரமானதில்லை, பறிக்காமல் இருந்திருந்தாலும் 2004ல் தானாகவே காலாவதியாகியிருக்கும், கப்பல் போனதோ 2016க்கு மேல். உரிமைக் காலம் ஓடாமல் உறைந்துவிட்டதா, பறிபோன பிறகும் கடிகாரம் ஓடியதா என்பதுதான் சண்டை. 2025ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டது. எக்ஸான் கம்பெனி தன் பழைய சுத்திகரிப்பு ஆலைக்காகப் போட்ட வழக்கையும் கூடவே எடுத்தார்கள். கணக்கர் நாலாம் பதிவில் சொன்னாரே, சோவியத் எண்ணெய் வேண்டாம் என்ற எஸ்ஸோ, அந்தக் கம்பெனிதான்.